பழைய ஹார்டு டிஸ்கில் என் பெயர்

பையை மேலே வைக்க வேண்டாம் சார், மடியிலேயே இருக்கட்டும். உள்ளே இரண்டு தாள் இருக்கிறது. மடங்கிவிடக் கூடாது என்று அட்டை வைத்துக் கொண்டுவந்திருக்கிறேன். நீங்கள் ராஜபாளையம் வரைக்கும்தானே? நான் அதற்குக் கொஞ்சம் முன்னால், கல்யாண மண்டபத்து ஸ்டாப்பில் இறங்கிவிடுவேன். பஸ்ஸில் வேறு இடமும் இருந்தது. நீங்கள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள், அதைப் பார்த்துத்தான் இங்கே வந்து உட்கார்ந்தேன். அதற்குக் காரணம் இருக்கிறது. பிறகு சொல்கிறேன்.

என் பேர் பேச்சிமுத்து. சங்கரன்கோவிலில் பந்தல் போடுகிற தொழில். முப்பத்தெட்டு வருஷம். கல்யாணம், சடங்கு, சாவு எல்லாவற்றுக்கும் நான்தான் முதலில் போகிற ஆள். நான் பந்தல் கால் நட்ட பிறகுதான் மற்றவர்கள் அழவே ஆரம்பிப்பார்கள்.

இன்றைக்கு என் தம்பி மகளுக்குக் கல்யாணம். ஒன்பதரைக்கு முகூர்த்தம். கல்யாணத்துக்குப் போகிறாயா, தம்பியோடு வழக்குக்குப் போகிறாயா என்று யாராவது கேட்டிருந்தால், நேற்று வரைக்கும் வழக்குக்குத்தான் என்று சொல்லியிருப்பேன்.

தம்பி பேர் உலகநாதன். எம்.ஏ., எம்.எட். தலைமையாசிரியர். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவன். யாரும் என்னை நிறுத்தவில்லை. வாத்தியார் காதைத் திருகினார், நான் போகவில்லை. அதே வாத்தியார் இவன் காதையும் திருகினார். இவன் மறுநாளும் போனான். ரோஷம் கிடையாது. அப்படியே போய்ப் போய் எம்.ஏ. வாங்கிவிட்டான்.

என் பேரை மட்டும் எழுதுவேன் சார். எந்தக் கூட்டத்தில் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். மற்ற எழுத்தையெல்லாம் ஒன்று ஒன்றாகக் கூட்டவேண்டும். கூட்டி முடிப்பதற்குள் முதல் எழுத்து மறந்துபோகும்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எங்கள் அம்மா இறந்துபோனாள். இசக்கியம்மாள். விடியற்காலையில் போனாள். எங்கள் ஊரில் ஒரு சாவு விழுந்தால், குளிப்பாட்டுவதற்கு முன்னாலேயே போஸ்டருக்கு ஆள் போய்விடும். உங்களுக்குத் தெரியாததா? மேலே போட்டோ, கண்ணீர் அஞ்சலி, கீழே பேர் வரிசை. யார் பேர் முதலில், யார் பேர் பக்கத்தில் யார் பேர், யார் பேருக்குப் பின்னால் என்ன பட்டம், என்ன கடை. செத்தவரை இரண்டு நாளில் மறந்துவிடுவார்கள் சார். பேர் வரிசையை மறக்க மாட்டார்கள். ஒரு பேரை மாற்றிப் போட்டதால் நின்றுபோன சம்பந்தத்தை எல்லாம் நான் பார்த்திருக்கிறேன். பந்தலைப் பாதியில் பிரித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

போஸ்டர் வேலையைத் தம்பி பார்த்தான். அவன்தானே படித்தவன். பந்தலை நான் பார்த்தேன். என் அம்மாவுக்கு வேறு எவன் வந்து போடுவான்? ஏணியில் ஏறி நானே கட்டினேன். மத்தியானம் எடுத்தோம். எங்கள் வழக்கத்தில் தாய்க்கு இளையவன்தான் கொள்ளி வைப்பான். அதையும் அவனே வைத்தான். சரி, அது வழக்கம்.

சுடுகாட்டிலிருந்து தலை ஈரத்தோடு திரும்பி வருகிறேன். பெட்ரோல் பங்க் சுவரில் அம்மா. புதுப் பசை, இன்னும் காயவில்லை. நின்று பார்த்தேன். என் பேரைத் தேடினேன். இல்லை. மறுபடியும் மேலிருந்து கீழே தேடினேன். இல்லை சார். பெற்ற தாய் போஸ்டரில் மூத்த பிள்ளை பேர் இல்லை.

எடுத்ததோடு விட்டானா? அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தான். ஒரு வரி வெள்ளையாக இருந்தது, பல்லைப் பிடுங்கின இடம் மாதிரி. அதற்குக் கீழேதான் அவன் பேர். எடுத்தவன் மூடியாவது வைக்கலாம் அல்லவா? இங்கே ஒருத்தன் இருந்தான், அவனை நான் எடுத்துவிட்டேன் பாருங்கள் என்று ஊருக்குக் காட்டினான். அவன் பேருக்குப் பின்னால் எம்.ஏ., எம்.எட்., தலைமையாசிரியர் என்று கூட்ஸ் வண்டி மாதிரி நீளமாகப் போகிறது.

அன்றைக்கே மூன்று தெரு நடந்து அத்தனையையும் கிழித்தேன். ஈர வேட்டியோடு. அம்மா முகத்தோடு சேர்த்துத்தான் கிழிக்க வேண்டியிருந்தது, வேறு வழியில்லை. ஒன்று விடவில்லை. வீட்டில் மிச்சம் இருந்த போஸ்டர் கட்டையும் எடுத்து அடுப்பில் வைத்தேன். அதற்குப் பிறகு அவன் வாசலை நான் மிதிக்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குக்கூட அவன் கிழக்கே உட்கார்ந்தால் நான் மேற்கே உட்கார்ந்தேன். ஒன்பது வருஷம். அவன் பையனுக்குக் காது குத்தினார்கள், போகவில்லை. தம்பிக்கு நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அதற்கும் போகவில்லை. எதிரே வந்தால் சைக்கிள் செயினைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொள்வேன்.

சிரிக்கிறீர்கள். உங்கள் பேரை எடுத்திருந்தால் தெரியும்.

போன மாதம் பத்திரிகையோடு வந்தான். எங்கள் தாய்மாமா கோமதிநாயகத்தையும் கூட்டிக்கொண்டு வந்தான். தனியாக வந்தால் கதவைச் சாத்துவேன் என்று தெரியும்.

"அண்ணே, பெரியப்பா முறைக்கு நீங்கதான் நிக்கணும்"னு சொன்னான்.

"பந்தல் போடணுமா?"ன்னு கேட்டேன்.

"வேண்டாம்ணே. அதுக்கு வேற ஆளு. அன்னைக்கு மாதிரி ஏணி மேல நிக்க வேண்டாம். எங்கூட மணமேடையில நில்லுங்க."

பார்த்தீர்களா? நான் போடுகிற பந்தல்கூட அவன் அந்தஸ்துக்குப் பத்தவில்லை. எனக்கு வந்ததே கோபம். "அம்மா போஸ்டர்ல பேரை எடுத்த பயலுக்கு இப்ப மணமேடைக்கு ஆளு வேணுமாலே?"ன்னு கேட்டேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நான் எடுக்கல அண்ணே." அவ்வளவுதான். ஒன்பது வருஷமாக அதே ஒரு வார்த்தை. நான் எடுக்கல. சரி, நீ எடுக்கவில்லை என்றால் யார் எடுத்தது? அதற்கு மட்டும் வாயைத் திறக்க மாட்டான்.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏல, ஒங்க ரெண்டு பேர் பஞ்சாயத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது செவிடாகிப் போச்சு. அந்த போஸ்டரை அடிச்ச கம்ப்யூட்டரு ஜெசிந்தா கடையில கெடக்குல்லா? அதைத் தோண்டிப் பார்த்துருவோம். இவன் எடுத்திருந்தான்னா கல்யாணத்தன்னைக்கு, தாலி கட்டுறதுக்கு முன்னாடி, சபையில ஒங்காலைத் தொட்டு மன்னிப்புக் கேக்கட்டும். எடுக்கலைன்னா நீ வாயை மூடிக்கிட்டு மணமேடையில நிக்கணும். சம்மதமா?"

சம்மதம் என்றேன். அவனும் தலையை ஆட்டினான். ஆட்டும்போது முகம் செத்துப்போயிருந்தது. மாட்டிக்கொண்டான் என்று நினைத்தேன்.

ஜெசிந்தா என்பது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டி.டி.பி. கடை வைத்திருக்கிற பெண். அன்றைக்கு அம்மா போஸ்டரைச் செய்தது அந்தப் பெண்தான். அம்மா போன மறு வருஷம் இடி விழுந்து அவள் கம்ப்யூட்டர் போய்விட்டது. அதற்குப் பிறகு அந்தப் பெட்டி மேஜைக்கு அடியில் கிடந்தது, கால் வைத்துக்கொள்ள வசதியாக. நானும் அந்தக் கடைப் பக்கம் போனதில்லை. என் பேர் இல்லாத போஸ்டரை அடித்த கை அல்லவா? விசிட்டிங் கார்டுகூட வேறு கடையில்தான் அடித்தேன்.

மாமா சொன்னபடி போய்க் கேட்டேன். அந்தப் பெண்ணுக்கு முகம் மாறிவிட்டது. "பழசை எதுக்கு அண்ணாச்சி கிளறுறீங்க? விடுங்களேன்."

தம்பி கைக்குள் போட்டுக்கொண்டான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. விடவில்லை. நான்கு தடவை போனேன். கடைசியில் அவளே சொன்னாள்: "புதுசா ஒரு கம்ப்யூட்டர் சேர்த்துக் கட்டுறோம் அண்ணாச்சி. பழைய டிஸ்கையும் அதுல மாட்டச் சொல்லியிருக்கேன். என் பழைய வேலையெல்லாம் அதுலதான் இருக்கு. வியாழக்கிழமை வாங்க."

வியாழக்கிழமை என்றால் நேற்று. கல்யாணத்துக்கு முதல் நாள்.

பத்து மணிக்குப் போய் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். திருநெல்வேலியிலிருந்து ஹக்கீம் என்று ஒரு மெக்கானிக் வந்திருந்தார். என் வயசு இருக்கும், தாடி வெளுத்தவர். புதுப் பெட்டி கண்ணாடி வைத்துப் பளபளவென்று இருந்தது, உள்ளே நீல விளக்கு. பழைய பெட்டியைக் கழற்றினார். உள்ளே பல்லி முட்டையும் தூசியும். பிரஷ் வைத்துத் தள்ளிவிட்டு, ஒரு இரும்புக் கட்டியை உருவி எடுத்தார். கையில் கொடுக்கச் சொல்லி வாங்கிப் பார்த்தேன். ஒரு சோப்புக் கட்டி நீளம்தான், ஆனால் கனம். இவ்வளவுதானா என்று கேட்டேன்.

"இதுக்குள்ள ஒங்க ஊரே இருக்கு அண்ணாச்சி"ன்னு சொன்னார். "கீழே போட்டுறாதீங்க. விழுந்தா அத்தனை பேரும் போய்ட்டாங்க."

புதுப் பெட்டிக்குள் அதற்கு ஒரு பொந்து. உள்ளே தள்ளி, நான்கு திருகு முடுக்கி, ஒரு பட்டை வயரும் ஒரு கரண்ட் வயரும் செருகினார். நான் கம்பு கட்டுகிறவன், எனக்குப் பிடிமானம் தெரியும். நன்றாகத்தான் முடுக்கினார். சுவிட்சைப் போட்டார். 'டொக்' என்று ஒரு சத்தம். மறுபடியும் 'டொக்'. ஜெசிந்தா சிலுவை போட்டுக்கொண்டாள். ஹக்கீம் பாய் நிறுத்திவிட்டு வயரைப் பிடுங்கி வேறு இடத்தில் செருகினார். இந்தத் தடவை மெல்ல ஒரு இரைச்சல், தேனீ மாதிரி. ஓடுகிறது.

இடி விழுந்து, எட்டு வருஷம் காலடியில் கிடந்து, அது ஓடுகிறது.

அதற்குள் போகவிடவில்லை அந்த மெஷின். உனக்கு அனுமதி இல்லை என்று எழுதிக் காட்டியதாம். "என் டிஸ்கு, என் வேலை, என்னையே யாருன்னு கேக்குது பாருங்க"ன்னு ஜெசிந்தா சொன்னாள். ஹக்கீம் பாய் ஏதேதோ அழுத்தினார். கால்மணி நேரம் கழித்துத் திறந்தது. வருஷம் வருஷமாக அடுக்கி வைத்திருந்தாள். அம்மா போன வருஷம், அந்த மாதம், அம்மா பேர். தொட்டாள்.

போட்டோ வந்தது. கீழே பார்த்தால் முழுக்க இங்கிலீஷ்! எனக்கு ஏ, பி, சி தெரியாது, ஆனால் அது தமிழ் இல்லை என்று தெரியும். எழுந்துவிட்டேன். "எங்க அம்மா சாவை இங்கிலீஷ்ல அடிச்சு வச்சிருக்கானா? நான் வந்து பார்ப்பேன்னு தெரிஞ்சு மாத்தி வச்சிட்டானா?"ன்னு கத்தினேன்.

ஹக்கீம் பாய் சிரித்துவிட்டார். "ஒக்காருங்க அண்ணாச்சி. அந்தக் காலத்துத் தமிழ் எழுத்தை இந்தப் புது மெஷினுக்கு இன்னும் சொல்லிக் கொடுக்கல. அதான் ஒளறுது. பழைய டிஸ்குலயே அந்த எழுத்தும் இருக்கும், எடுத்துப் போட்டுருவோம்."

தேடி எடுத்துப் போட்டார். மூடித் திறந்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன் சார், அந்த ஒளறல் அப்படியே தமிழாக நின்றது.

என் பேர் இருந்தது.

கூட்டவே தேவையில்லை. கண் போய் ஒட்டிக்கொண்டது. முதல் வரியில் செ. பேச்சிமுத்து. அதற்குக் கீழே இரண்டாவது வரி, அவன்.

"இது போஸ்டர் இல்ல"ன்னு சொன்னேன். "போஸ்டர்ல என் பேரு இல்ல."

பக்கத்தில் இன்னொன்று இருந்தது, ஜெசிந்தா அதைத் திறந்தாள். அதில் முதல் வரி காலி. பெட்ரோல் பங்க் சுவரில் பார்த்ததேதான். முதலாவது எட்டு இருபதுக்குச் செய்தது, இரண்டாவது ஒன்பது ஐந்துக்குச் செய்தது என்று ஹக்கீம் பாய் நேரத்தைப் பார்த்துச் சொன்னார். பார்த்தீர்களா, முதலில் போட்டுவிட்டு எடுத்திருக்கிறான்! "ஒன்பது மணிக்கு இதை மாத்தச் சொன்னது யாரு? அவன்தான? சொல்லும்மா"ன்னு கேட்டேன்.

"நீங்கதான் அண்ணாச்சி" என்றாள்.

சார், தண்ணீர் இருந்தால் கொஞ்சம் கொடுங்கள். கரிவலம் தாண்டிவிட்டோமா? சரி.

அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன், நான் நம்புகிறேன் என்று இல்லை. தம்பி காலையில் ஒரு சீட்டில் பேர் எழுதிக் கொடுத்தானாம். என் பேர் மேலே, அவன் பேர் கீழே, ரெண்டு பேருக்கும் பின்னால் ஒன்றும் போட வேண்டாம் என்றானாம். அந்தப் பெண்ணுக்கு சந்தேகம் வந்துவிட்டது. தலைமையாசிரியருக்குப் பட்டம் போடாமல் அடித்தால் நாளைக்கு அவர் வீட்டு ஆட்கள் கடைக்கு வந்து சண்டை போடுவார்களே, சாவு வீட்டு ஞாபகத்தில் சொல்லிவிட்டுப் போயிருப்பாரோ என்று. எதற்கும் மூத்தவரைக் கேட்போம் என்று எனக்குப் போன் போட்டாளாம். "சார் பேருக்கு எம்.ஏ., எம்.எட். போடவா, உங்க பேருக்குப் பந்தல் காண்ட்ராக்டர்னு போடவா அண்ணாச்சி?" இதுதான் அவள் கேட்டது.

"நீங்க என்ன சொன்னீங்கன்னா"ன்னு இழுத்தாள். பிறகு சொல்லிவிட்டாள். "அவன் எம்.ஏ.வாம், நான் பந்தல்காரனாம்லா? எங்க அம்மா சாவுலயும் இதைத்தான் காட்டணுமாக்கும் அவனுக்கு? என் பேரே வேண்டாம், எடுத்துரு! அப்படின்னு சொல்லிட்டு வச்சிட்டீங்க. மறுபடி போட்டேன், எடுக்கல."

எனக்கு ஞாபகம் இல்லை சார். சத்தியமாக இல்லை. கிழக்குப் பக்கம் மூன்றாவது கால் ஞாபகம் இருக்கிறது. கயிறு நைந்துபோயிருந்தது, அதுவும் ஞாபகம் இருக்கிறது. போன் அடித்தது. தோளில் வைத்து அழுத்திக்கொண்டு பேசினேன். முடிச்சு நழுவியது. போன் அடித்தது ஞாபகம் இருக்கிறது. என்ன பேசினேன் என்பது இல்லை.

"அப்ப அவன்ட்ட சொன்னியா?"ன்னு கேட்டேன்.

சொன்னாளாம். "அண்ணன் சொன்னா எடுத்துருங்க. ஆனா அந்த வரியை மூடாதீங்க, என் பேரை மேல ஏத்தாதீங்க. அவர் எடம் அப்படியே இருக்கட்டும்"னு சொன்னானாம். "அம்மா போன நாள்ல கோவத்துல சொல்லிட்டாரு. இதை யார்ட்டயும் சொல்லிறாதீங்க"ன்னும் சொன்னானாம்.

பார்த்தீர்களா அழுத்தத்தை! ஒன்பது வருஷம் சார்! ஒரு வார்த்தை சொன்னானா? 'நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க' என்று முகத்துக்கு நேரே கேட்டிருந்தால் அன்றைக்கே இரண்டு அடி கொடுத்து முடித்திருப்பேன். நல்ல பேர் வாங்க வேண்டும் என்று எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துக்கொண்டு, என்னை ஊர் ஊராகப் பேசவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறான். எத்தனை பந்தலில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! நெஞ்சுவலி வந்தபோதுகூட சொல்லவில்லையே. செத்துப்போயிருந்தால்? நான் என்ன செய்திருப்பேன்?

விடுங்கள்.

ஜெசிந்தாவிடம் இரண்டாவதை மட்டும் அடித்துக் கொடு என்றேன். என் பேர் இல்லாததை. மாமா கேட்டது அதைத்தானே? சபையில் அதைக் காட்டினால் போதும், அவன் வாயைத் திறக்க மாட்டான். அவன் இன்றைக்கும் சொல்ல மாட்டான், எனக்குத் தெரியும். மகள் கல்யாணத்தில் குனிந்து என் காலைத் தொடுவானே தவிர, சொல்ல மாட்டான். முதலாவதை அழித்துவிடு என்றும் சொன்னேன்.

"அழிக்க மாட்டேன் அண்ணாச்சி"ன்னு சொல்லிவிட்டாள். "ரெண்டையும் அடிச்சுத் தாரேன். எதைக் காட்டணும்னு நீங்களே பார்த்துக்குங்க." அடித்துக் கையில் கொடுத்தாள். ஹக்கீம் பாய் கண்ணாடிக் கதவை மாட்டித் திருகு முடுக்கிக்கொண்டிருந்தார்.

இதுதான் சார் அந்த இரண்டாவது தாள். பிடியுங்கள். இதற்காகத்தான் பேப்பர் படிக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் பேர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லவில்லை, அது எனக்கே தெரியும். அவன் பேருக்குப் பின்னால் பாருங்கள். எம்.ஏ. என்று இருக்கிறதா? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள். ஜெசிந்தா இல்லை என்றாள். டீக்கடைக்காரரும் இல்லை என்றார். காலையில் பஸ் ஸ்டாண்டில் ஒரு காலேஜ் பெண்ணிடமும் காட்டினேன். ஆனால் நான் பார்த்தேனே சார், கூட்ஸ் வண்டி மாதிரி. ஒன்பது வருஷமாக எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேனே.

இல்லையா?

சின்ன எழுத்தில்கூட இல்லையா? பேருக்கு முன்னால் ஒரு புள்ளி இருக்கிறதே, அது என்ன? இனிஷியல் புள்ளியா. அது எனக்கும் உண்டு. எங்கள் அப்பா செல்லையா. இரண்டு பேருக்கும் ஒரே புள்ளிதான்.

அதோ, மண்டபம் தெரிகிறது. வாழை மரம் கட்டியிருக்கிறான் பாருங்கள். பந்தல் இடது கால் சாய்ந்திருக்கிறது, இங்கிருந்தே தெரிகிறது. எவன் போட்டானோ. வாசலில் நிற்கிறது அவன்தான், பட்டு வேட்டியில். வருகிற பஸ்ஸை எல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கிறான். ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்திருப்பான்.

கண்டக்டர்! ஆள் இறங்கணும்!

வேண்டாம் சார், அந்தத் தாளைத் திருப்பித் தராதீர்கள். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ராஜபாளையம் போய் எங்கேயாவது போட்டுவிடுங்கள். நான் போட்டால் குனிந்து எடுத்துவிடுவேன்.